மழை படாத இடத்தில்தான் உப்பு தங்கும்

"ஏல, மரத்துலயா வீடு கட்டுதாங்க?"

போன வருஷம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வீடியோ காலில் எங்கள் புது வீட்டின் மரச்சட்டத்தைப் பார்த்ததும் அப்பா கேட்டது இது. பைன் மரக்கட்டைகளை ஆணியடித்து இரண்டு மாடி உயரத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்னால் நீல வானம். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்ட மாதிரி தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு அஸ்திவாரம் போட்டபோதே, கம்பிக்கு நடுவில் வரிசையாக வெள்ளை வெள்ளையாகக் கட்டிகளை அடுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு "தெர்மோகோல் மேலயா?" என்று கேட்டிருந்தார். அதற்கே நான் சொன்ன விளக்கம் அவருக்குப் பாதிதான் செரித்திருந்தது.

"வெளிய செங்கல் வரும்பா" என்றேன்.

"அது பாரம் தாங்குமா?"

"இல்லப்பா. பாரம் முழுக்க மரம்தான். செங்கல் சும்மா சட்டை மாதிரி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடல் எவ்ளோ தூரம்?" என்றார். அந்தக் கேள்வியை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் வீடு கட்டியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஓஷன் குரோவ் என்ற கடற்கரை ஊரில். மெல்பர்னுக்கு அடுத்து இந்த மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரமான ஜீலாங்கிலிருந்து காரில் அரை மணி நேரம் கூட ஆகாது. இங்கே ஏன் வந்தோம் என்பதற்கு அழகான காரணம் ஒன்றும் இல்லை. 2019 நவம்பரில் குடியேற்ற விதிகளை மாற்றியபோது ஜீலாங்கையும் 'ரீஜனல்' பட்டியலில் சேர்த்தார்கள். நான் 491 விசாவில் வந்தவன். மூன்று வருஷம் ரீஜனல் பகுதியில் இருந்து வேலை பார்த்தால்தான் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். என்னை மாதிரி ஜீலாங்கில் வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. விசா வந்ததும் பாதிப் பேர் மெல்பர்னுக்குப் போய்விட்டார்கள். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போனால் போதும், ரயிலில் ஒரு மணி நேரம். மகள் இங்கே பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அத்தோடு, உப்புக்காற்று இல்லாத ஊரில் எனக்கு மூக்கு ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டே இருக்கும். இருந்துவிட்டோம்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். முத்தையாபுரம் வீட்டை 1994-இல் ஆரம்பித்து 2003-இல் முடித்தார். முடித்தார் என்றால், பூச்சு வேலை முடிந்த வருஷம் அது. முதலில் ஒரு அறையும் சமையல்கட்டும். பி.எஃப். லோன் கிடைத்த வருஷம் இன்னொரு அறை. அம்மாவின் வளையல் போன வருஷம் குளியலறை. கொத்தனாரும் சித்தாள்களும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரிதான். கான்கிரீட் போட்ட அன்று எல்லோருக்கும் பிரியாணி. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகுமுன் குடத்தில் தண்ணீர் தூக்கிப் போய் அது வற்றாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்தத் தண்ணீரில்தான் ஒரு கதை இருக்கிறது. எங்கள் ஏரியாவில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். பக்கத்திலேயே உப்பளம், வேறு எப்படி இருக்கும்? அதனால் கான்கிரீட் கலக்க அப்பா லாரித் தண்ணீர்தான் வாங்குவார். குளியலறைத் தளம் போட்ட அன்று மட்டும் லாரி வரவில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள், கூலி ஓடுகிறது. போர் தண்ணீரிலேயே கலந்து போடச் சொல்லிவிட்டார். பதினைந்து வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் குளியலறைக் கூரையிலிருந்து ஒரு பெரிய சில்லு பெயர்ந்து, அம்மா நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிப் போயிருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. ஒரே ஒரு நாள் அவசரப்பட்டதை அவர் இன்று வரை மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

இங்கே வீடு கட்டுவது என்பது முதலில் காகிதம். மனையை வாங்குகிறோம், ஒரு நிறுவனத்தின் மாதிரி வீட்டைப் பார்த்து வடிவம் தேர்ந்தெடுக்கிறோம், அவர்கள் ஒரு விலை சொல்கிறார்கள். அந்த விலையை நம்பி யாரும் வங்கிக்குப் போகாதீர்கள். மண் பரிசோதனை வந்தபின் சொல்வதுதான் விலை. எங்கள் மனையின் மண் 'எச்1' வகை என்று வந்தது. மழையில் ஊதி, வெயிலில் சுருங்கும் களிமண். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "கோவில்பட்டிக் கரிசல் மாதிரின்னு சொல்லு." அதேதான். கரிசலில் கட்டுகிறவனுக்குத் தெரியும், செலவு தரைக்குக் கீழேதான். அஸ்திவாரத்துக்கு மட்டும் கூடுதல் தொகை, சரிவைச் சமப்படுத்த ஒரு தொகை, காட்டுத்தீ விதிகளுக்கு ஒரு தொகை. கூட்டிப் பார்த்தால் எங்கள் கணக்கில் 38 ஆயிரம் டாலர் இடித்தது. வங்கி அதற்கு மேல் தராது.

விற்பனைப் பிரிவில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினார். கீழ்த்தளத்தில் இருக்கும் படுக்கை அறையையும் அதனோடு சேர்ந்த குளியலறையையும் எடுத்துவிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும் என்றார். "அது விருந்தினர் அறைதானே, வருஷம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த அறையை நாங்கள் கேட்டதற்குக் காரணம் 2023-இல் அப்பா அம்மா வந்திருந்த மூன்று மாதம். அப்போது ஜீலாங்கில் வாடகை வீடு, படுக்கை அறைகள் எல்லாம் மாடியில். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். மூன்றாம் நாளிலிருந்து, "எனக்கு டி.வி. பாத்துகிட்டே தூங்குனாத்தான் தூக்கம் வரும்" என்று சொல்லிக் கீழே சோபாவில் படுத்துவிட்டார். எங்கள் ஊரில் ஒன்பது மணிக்கு டி.வி.யை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுகிறவர் அவர்.

38 ஆயிரம் சங்கதி எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. என் மகள்தான் சொல்லியிருப்பாள். மறுநாளே கூப்பிட்டார். நெல்லை போகும் சாலையில் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் எனக்கென்று வாங்கிப் போட்ட ஐந்து சென்ட் இடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வைத்து உடைமரத்தை வெட்டிச் சுத்தம் பண்ணி, எல்லைக் கல் நகராமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். "அத வித்துரலாம்ல. ஆள் கேட்டுகிட்டுத்தான் இருக்காங்க" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்து அவரே, "இல்லன்னா அந்தக் கீழ் ரூம எடுத்துரு. நாங்க என்ன, வந்து குடியிருக்கவா போறோம்?" என்றார்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டுக்கும் எனக்குப் பதில் இல்லை.

ஏனென்றால் அவர் சொன்ன இரண்டாவது விஷயம் உண்மை. பெற்றோரை இங்கே நிரந்தரமாகக் கொண்டுவரும் பங்களிப்பு விசாவுக்கு ஒருவருக்கு 40 ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். அதையும் கட்டத் தயார் என்றாலும், இன்று விண்ணப்பித்தால் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பணம் குறைவாகக் கட்டும் வகையில் காத்திருப்பு இன்னும் அதிகம். பிள்ளைகளில் பாதிப் பேராவது இங்கே இருக்க வேண்டும் என்ற விதியில், அக்கா மதுரையில் இருப்பதால் சரிபாதியாகத் தேறிவிடுவோம். ஆனால் அப்பாவுக்கு 68 வயது. பத்து வருஷ வரிசையில் அவரை நிறுத்துவது என்ன கணக்கு? ஆக, சுற்றுலா விசாவில் வந்து போவதுதான் நடைமுறை. இந்த ஊரில் நம்மவர்கள் கட்டும் வீடுகளில் கீழ்த்தளத்தில் ஒரு அறை வைத்திருப்பார்கள். 'பேரன்ட்ஸ் ரூம்' என்பார்கள். போய்ப் பாருங்கள், பாதி வீடுகளில் அதில் துணி காயப்போடும் ஸ்டாண்டும் டிரெட்மில்லும் இருக்கும்.

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் வரைபடத்தை மேசையில் விரித்தாள். "மாமா இடத்தை விக்க வேண்டாம். ரூமையும் எடுக்க வேண்டாம். நாம எதுக்கெல்லாம் ஆசைப்பட்டோமோ அதையெல்லாம் எடுங்க" என்றாள். சினிமா பார்க்க என்று தனி அறை ஒன்று இருந்தது, போனது. பின்பக்கம் கூரை போட்ட உட்காரும் இடம், போனது. முகப்பின் அலங்காரக் கல் போனது. மாடியில் இரண்டாவது ஹால் போனது. 28 ஸ்கொயர் வீடு 23 ஆனது. இங்கே ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி, நம் ஊர் 'சதுரம்' அதேதான். அதனால் இந்தக் கணக்கை அப்பாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "இருபத்தி மூணு சதுரம் என்ன கொறைச்சலா? நம்ம வீடு ஒம்பதுதான்" என்றார். நம்மவர்கள் வீட்டு விசேஷங்களில் மட்டும் இன்றும் யாராவது "எத்தனை ஸ்கொயர்?" என்று கேட்கும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். பொய் சொல்வானேன்.

ஒரு நல்ல விஷயம் சட்டமே செய்தது. 2024 மே 1 முதல் விக்டோரியாவில் புது வீடுகளுக்கு விதி மாறியிருக்கிறது. வாசலிலிருந்து படியில்லாமல் உள்ளே வர ஒரு வழி, அகலமான கதவு, கீழ்த்தளத்தில் கழிப்பறை, தடுப்பு மேடு இல்லாத ஷவர், பின்னாளில் கைப்பிடி பொருத்தத் தோதாகக் குளியலறைச் சுவருக்குள் வலு. எங்கள் அப்பாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு யாரோ எழுதிய மாதிரி இருந்தது. கூடவே ஏழு நட்சத்திர வெப்பக் காப்பு விதியும் வந்தது. செலவு ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வாடகை வீட்டில் ஜூலைக் குளிரில் அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு இட்லி ஊற்றியதைப் பார்த்தவன் நான். இந்த விதியைத் திட்ட மாட்டேன்.

அம்மாவின் கவலை வேறு. சமையலறை அக்னி மூலையில் வருகிறதா? வந்தது. தென்கிழக்கேதான். பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்வதால் வாஸ்துவைத் திருப்பிப் போட வேண்டுமா என்று வாட்ஸ்அப்பில் ஒரு பெரிய விவாதமே ஓடியது. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் 2024 ஜனவரி முதல் இங்கே திட்ட அனுமதி வாங்கும் புதுக் குடியிருப்புகளுக்கு கேஸ் இணைப்பு கிடையாது, எல்லாம் மின்சாரம்தான் என்றதும் அம்மா யோசித்தார். "எய்யா, அக்னி மூலையில அக்னியே இல்லையே. பால எதுல காய்ச்சுவ?" இண்டக்‌ஷனில்தான். பொங்குவதற்கு அதுவும் பொங்கும்மா என்றேன். பூஜை அறையில் விளக்கு எரியுமில்லையா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 மார்ச் 31 அன்று போர்ட்டர் டேவிஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் மூழ்கியபோது விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகள் பாதியில் நின்றன. முன்பணம் வாங்கியும் காப்பீடு எடுக்காமல் விட்டிருந்ததால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அரசின் உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தது. அந்தச் செய்திகளைப் படித்த பயத்தோடுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். அதனால் பிடிவாதமாக இருந்த இடங்கள் இரண்டு. எங்கள் மனை முகவரி போட்ட காப்பீட்டுச் சான்று கைக்கு வந்தபின்தான் 5 சதவீத முன்பணம். அதற்குப் பின் சட்டம் சொல்லும் படிநிலைப்படிதான் பணம்: அடித்தளத்துக்கு 10, சட்டகத்துக்கு 15, கதவு ஜன்னல் பூட்டும் நிலைக்கு 35, உள்வேலைக்கு 25, முடிவில் 10. ஒவ்வொரு நிலையிலும் நாங்களே பணம் கொடுத்து ஒரு தனி ஆய்வாளரை அனுப்பினோம். சட்டகத்தில் காற்றுக்குத் தாங்க வேண்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு இடத்தில் இல்லை என்று அவர் எழுதித் தந்தார். நிறுவனம் மறுக்காமல் சரிசெய்தது. ஆனால் அவர் எழுதித் தராவிட்டால் அந்த இடம் இப்போது பிளாஸ்டர் பலகைக்குப் பின்னால் போயிருக்கும்.

இன்னொன்று: அனுமதி தரும் பில்டிங் சர்வேயரை வீட்டுக்காரர்தான் நியமிக்க வேண்டும், கட்டுகிறவர் நியமிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். நடைமுறையில் ஏற்கனவே ஒரு பெயர் நிரப்பிய படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். நிரப்பியிருப்பதைக் கேள்வி கேட்கலாம். நாம்தான் படிவம் என்றாலே பயபக்தியோடு கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள்.

எனக்கு உறுத்தியது இதெல்லாம் இல்லை. வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த இடத்துக்குச் சுற்றிக் கம்பிவேலி, பூட்டு. என் மனை, என் கடன். உள்ளே போக மேற்பார்வையாளரிடம் நேரம் கேட்க வேண்டும். பாதுகாப்பு, காப்பீடு, எல்லாம் நியாயமான காரணங்கள். அதனால் பூமி பூஜையை அவர்களிடம் இடத்தை ஒப்படைக்கும் முன்பே, காற்றில் கற்பூரம் நிற்காமல், குடையைப் பிடித்துக்கொண்டு செய்து முடித்தோம். அப்புறம் வார இறுதிகளில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். யார் செங்கல் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முத்தையாபுரம் வீட்டுக் கொத்தனாரின் மகள் கல்யாணத்துக்கு அப்பா போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

குடியிருப்புக்குள் இருக்கும் நிபந்தனைகள் இன்னொரு பக்கம். வேலி இந்த நிறம், கராஜ் கதவு இந்த மாதிரி, முன்பக்கம் இத்தனை செடி. ஓஷன் குரோவுக்கு இது புதிதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 1880களில் மெதடிஸ்ட் சபையினர் இந்த ஊரை உருவாக்கியபோதே இங்கே மது விற்கக் கூடாது என்று நிலப் பத்திரத்தில் நிபந்தனை எழுதினார்களாம். அதோடு ஒப்பிட்டால் குப்பைத்தொட்டி தெருவுக்குத் தெரியக் கூடாது என்பது பெரிய கொடுமை இல்லை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கடல் எவ்வளவு தூரம்?

ஒன்றரை கிலோமீட்டர் என்று சொன்னேன். அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்? தென்மேற்கு. நேராகக் கடலிலிருந்தா? ஆமாம். கூரை என்னது? தகடு. ஆணி? தெரியாது. "தெரியாதுன்னா கேளுல" என்றார். இன்ஜினியரிங் படித்த மகனுக்கு அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் வேலை சொல்லியிருக்க முடியாது.

கேட்டேன். கூரைத் தகட்டுக்கான உத்தரவாதம் கடலிலிருந்து எத்தனை தூரம் என்பதைப் பொறுத்து மாறும் என்பதும், மழை தானாகக் கழுவாத பகுதிகளைத் தண்ணீர் விட்டு அவ்வப்போது கழுவியிருக்க வேண்டும் என்பதும் அந்தக் காகிதத்தில் இருந்தது. வண்ணம் தேர்ந்தெடுக்க நாலு மணி நேரம் உட்கார வைத்து, கதவுக் கைப்பிடிக்கு ஏழு மாதிரி காட்டியவர்கள் இதை வாயால் சொல்லவில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அது தெரிஞ்சதுதான" என்றார். "மழ படுற எடத்துல உப்பு நிக்காது. கழுவிட்டுப் போயிரும். மழ படாத எடத்துலதான் தங்கும். தாழ்வாரத்துக்கு அடியில பாரு, கேட்டுக்கு அந்தப் பக்கம் பாரு. அங்கதான் தின்னும்."

கராஜ் கதவின் உள்மடிப்பு, கூரை விளிம்பின் அடிப்பகுதி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, பக்கவாட்டுக் கேட்டின் கீல். இருந்த கொஞ்சப் பணத்தில் கீல்களையும் திருகாணிகளையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினோம். ஏ.சி. பெட்டியைக் காற்று நேராக அடிக்காத கிழக்குச் சுவருக்கு நகர்த்தச் சொன்னோம். அதற்கு ஒரு மாற்றக் கட்டணம் போட்டார்கள், கட்டினேன். அந்த ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது அப்பா வழக்கமாக அனுப்பும் கைகூப்பும் படத்தை அனுப்பவில்லை. "சரி" என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தார்.

நவம்பரில் சாவி கொடுத்தார்கள். பால் இண்டக்‌ஷனில் பொங்கியது, கொஞ்சம் அதிகமாகவே. சன்ஷைன் நார்த் முருகன் கோயிலிலிருந்து கொண்டுவந்த விபூதியைக் கீழ் அறையில்தான் முதலில் வைத்தோம். அங்கே ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு பேருக்குத் துணி வைக்கும் அலமாரி. டிரெட்மில் வாங்குவதில்லை என்று முடிவு. இரண்டு பேருக்கும் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அப்பாவுக்கு மருத்துவப் பரிசோதனைக் கடிதம் வந்திருக்கிறது, அங்கீகரித்த மருத்துவமனை இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும். சென்னைக்கு அக்கா கூட்டிப் போகிறாள். புதுக்கோட்டை இடம் இன்னும் விற்கவில்லை. தை மாதம் ஆள் விட்டு உடைமரத்தை வெட்டியாயிற்று என்று சொன்னார். அந்த இடத்தை என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது நான் தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் முன்னால் நின்றிருந்தேன்.

"கேமராவக் கீழ காட்டு" என்றார். காட்டினேன்.

"அந்த மூலைய விட்டுட்ட பாரு."